ஒரு வசவு சிரிப்போடு போகிறது, இன்னொன்று வெட்டுக்குத்தில் முடிகிறது: ஏன்?

இராமநாதபுரம் மாவட்டத்துத் தேவிபட்டினத்தில் கடலுக்குள் ஒன்பது கல் நிற்கிறது. நவபாஷாணம் என்று பெயர். கிரக தோஷம் கழிய வேண்டும் என்று எங்கெங்கிருந்தோ சனம் வருகிறது; நவதானியத்தைப் போட்டு, சுற்றி வந்து, கும்பிட்டுப் போகிறது. ஒன்பதில் சனீஸ்வரனிடம்தான் எல்லோருக்கும் பயம். கும்பிட்டுக் கரையேறிய அம்மா, பையன் செருப்பைத் தொலைத்துவிட்டு நிற்பதைப் பார்த்தால், அதே வாயால் "சனியனே, எங்கடா போட்டே?" என்பாள். பக்கத்தில் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திட்டு வாங்கிய பையனும் சட்டை செய்ய மாட்டான்.

அதே இடத்தில் வேறொரு ஆள், தன் செருப்பைப் பையன் மாட்டிக்கொண்டு போகிறான் என்று நினைத்து, அவன் அம்மாவையும் சேர்த்து ஒரு சொல் விட்டால் கதை மாறிவிடும். நாலு பேர் குறுக்கே விழுந்து விலக்க வேண்டியிருக்கும். கூடவே சாதிப் பெயரும் வந்தால் காவல் நிலையத்தில் போய்த்தான் நிற்கும். கும்பிடும் தெய்வத்தின் பெயரால் திட்டியது காற்றோடு போகிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணைத் தொட்டுத் திட்டியது ரத்தம் பார்க்கும் வரை போகிறது. இரண்டும் வசவுதான். எடையில் மட்டும் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

காரம் ஓசையில்தான் இருக்கிறது என்று ஒரு கட்சி உண்டு. லண்டன் ராயல் ஹாலோவே பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இருவர் ஹீப்ரு, இந்தி, ஹங்கேரியம், கொரியம், ரஷ்யம் ஆகிய ஐந்து மொழிகளின் வசவுகளைத் திரட்டிப் பார்த்து 2022-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ல, ர, ய, வ மாதிரி தடையில்லாமல் வழுக்கி ஓடும் ஒலிகள் வசவுகளில் குறைவு என்பது அவர்கள் கண்டது. சரி, அந்த ஐந்து மொழிக்கும் அது பொருந்தட்டும். தமிழ் அவ்வளவாக ஒத்துழைக்காது. எருமை, மூதேவி, கழிசடை, வீணாப்போனவன் என்று நாம் நாளெல்லாம் புழங்குவதைப் பாருங்கள். அச்சில் போட முடியாத பெரிய சொற்களிலும் ய, ள, வ எல்லாம் தாராளமாக உண்டு. ஓசை கொஞ்சம் கை கொடுக்கலாம், அவ்வளவுதான்.

ஓசை மாறாமலே எடை மாறிய சொல்லும் நம்மிடம் இருக்கிறது. "மயிர்நீப்பின் வாழாக் கவரிமா அன்னார்" என்று 969-ஆவது குறள் தொடங்குகிறது. மானத்தைப் பற்றிய குறள் அது. வகுப்பில் எந்தப் பையனை எழுந்து வாசிக்கச் சொன்னாலும் முதல் சீரிலேயே பின் பெஞ்சு குலுங்கிச் சிரிக்கும். வள்ளுவர் காலத்தில் அது தலையில் இருந்தது. இப்போது வேறெங்கோ இருப்பதாக ஊர் எடுத்துக்கொண்டுவிட்டது. முடிவெட்டுகிற கடைக்குப் போய் அந்தச் சொல்லை யாரும் சொல்வதில்லை. எழுத்தும் அதேதான், ஒலியும் அதேதான்.

வசவு உடம்புக்குள் என்ன செய்கிறது என்பதும் ஓரளவு தெரிந்த விஷயம். வலையைப் பிரிக்கும்போது திருக்கை முள் கையில் ஏறியவனிடம் யாரும் இனியவை கூறல் அதிகாரத்தை எதிர்பார்க்க மாட்டார்கள். அவன் வாயில் வருவது பாதி மருந்து என்றே சொல்லலாம். இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தில் 2009-இல் ஆட்களை ஐஸ் போல் குளிர்ந்த தண்ணீருக்குள் கையை விட்டு வைத்திருக்கச் சொன்னார்கள். கெட்ட வார்த்தை சொல்லிக்கொண்டே வைத்திருந்தவர்கள், சாதாரணச் சொல்லைச் சொன்னவர்களைவிடக் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தார்கள். ஆனால் நாள் முழுக்க வைதுகொண்டே திரிபவர்களுக்கு இந்தப் பலன் குறைவு என்று அதே குழு பிறகு கண்டது. நம் படகுகளில் சிலருக்கு அது சுத்தமாக வேலை செய்யாது என்று நினைக்கிறேன்.

பக்கவாதத்தில் மூளையின் இடப்பக்கம் அடிபட்டுப் பேச்சுப் போனவர்களில் சிலருக்கு, ஒரு வாக்கியம் கோக்க வராது. கோபம் வந்தால் வசவு மட்டும் முழுசாக, உச்சரிப்புப் பிசகாமல் வரும். பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே மருத்துவர்கள் இதைக் குறித்து வைத்திருக்கிறார்கள். யோசித்துக் கோக்கும் பேச்சு ஓரிடத்திலும், பயம், கோபம், வலி ஆகியவற்றோடு ஒட்டிக்கொண்ட சொற்கள் இன்னும் ஆழமான வேறிடங்களிலும் தங்குகின்றன என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம்.

அப்படி ஒட்ட வைப்பது யார்? வீடுதான். துருக்கிய மொழியைத் தாய்மொழியாகவும் ஆங்கிலத்தைப் பின்னால் கற்ற மொழியாகவும் கொண்டவர்களின் விரலில் கருவியைப் பொருத்தி, 2003-இல் வெளிவந்த ஓர் ஆய்வு அவர்கள் தோலின் வியர்வை மாற்றத்தை அளந்தது. வசவுகளும், சின்ன வயதில் அம்மா அப்பா கண்டிக்கும் வாசகங்களும் துருக்கிய மொழியில் காதில் விழும்போதுதான் உடம்பு அதிகம் துள்ளியது. ராமேசுவரம் கடைத்தெருவில் கல்லூரிப் பையன்கள் எஃப் எழுத்தில் தொடங்கும் அந்த ஆங்கிலச் சொல்லைப் பெரியவர்கள் நடுவே கூசாமல் விடுவதற்கும் இதுதான் காரணம். அந்தச் சொல்லுக்காக அவர்கள் யாரும் சின்ன வயதில் வாயில் சூடு வாங்கியதில்லை. அதற்கு நேரான தமிழ்ச் சொல் தாத்தா முன்னால் வராது. வந்தால் அடுத்த கணம் செவுள் பெயரும்.

அப்படியானால் எந்தச் சொல்லுக்கு அடி விழும், எதற்கு விழாது என்பதை வீடு எப்படி முடிவு செய்கிறது? இங்கேதான் ஊருக்கு ஊர் பாதை பிரிகிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிரெஞ்சு பேசுகிறவர்களின் கடுமையான வசவுகள் தேவாலயத்துச் சாமான்களின் பெயர்கள்: நற்கருணைப் பேழை, திருக்கிண்ணம், அப்பம். நம் தங்கச்சிமடத்துக் கத்தோலிக்கருக்கு இதைச் சொன்னால் நம்ப மாட்டார். கியூபெக்கில் சபையின் பிடி தலைமுறை தலைமுறையாக அவ்வளவு இறுக்கமாக இருந்தது. அதனால் அதை மீறுவதுதான் பெரிய மீறல். டச்சுக்காரர்கள் நோயைச் சொல்லி வைகிறார்கள்: காலரா, டைபாய்டு, புற்றுநோய். ஆங்கிலத்தில் முன்பு ஆண்டவர் பெயரை வீணாக இழுப்பது பெருங்குற்றம், பிறகு உடம்பும் படுக்கையும் அந்த இடத்துக்கு வந்தன. பிரிட்டனின் ஒலிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காம் 2016-இல் மக்களிடம் கேட்டபோது, பொதுவான கெட்ட வார்த்தைகளைவிட இனத்தைக் குறித்து இழிவு செய்யும் சொற்களைத்தான் ஏற்கவே முடியாது என்று பலர் சொன்னார்கள்.

சனம் எதற்கு அஞ்சுகிறதோ, எதைக் காப்பாற்ற மல்லுக்கட்டுகிறதோ, அங்கேதான் வசவு போய்க் குத்தும். அந்தப் பயம் தணிந்தால் வசவும் சப்பென்று போகும்.

நோய் வசவு நம்மிடமும் இருந்தது. "கழிச்சல்ல போவான்", "பேதியில போறவனே" என்று பாட்டிமார் வைவதை இப்போதும் கேட்கலாம். பேரன் சிரித்துக்கொண்டே ஓடுவான். கழிச்சல் என்றால் வாந்திபேதி, அதாவது காலரா. மண்டபம் முகாம் இன்றைக்கு இலங்கை அகதிகள் முகாம் என்றுதான் எல்லோருக்கும் தெரியும். பிரிட்டிஷ் காலத்தில் அந்த இடம் வேறு வேலை பார்த்தது: இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலித் தொழிலாளர்களை அங்கே நிறுத்தி, காலரா, பிளேக் மாதிரி நோய் எதுவும் இல்லை என்று பார்த்த பிறகே கப்பலேற்றினார்கள். ராமேசுவரத்துக்கு யாத்திரை வரும் கூட்டத்தோடு வாந்திபேதியும் வரும் என்பது அன்றைக்குக் கண்ணால் கண்ட பயம். அந்த நாளில் "கழிச்சல்ல போவ" என்று ஒருத்தி சொன்னால், அது நாளைக்கே நடக்கக்கூடிய சாவு. உப்பும் சர்க்கரையும் கலந்த கரைசலைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்ளும் என்று ஆனபிறகு, அந்த வசவு பாட்டி வாயில் செல்லமாகிவிட்டது.

கடல் அப்படி அடங்கவில்லை. உள்நாட்டில் ஒருவனை "கட்டையில போக" என்று வைதால் அது பத்தோடு பதினொன்று. கரையோரத்தில் அதையே கடலோடு சேர்த்துச் சொன்னால் அவன் வீட்டுப் பெண்கள் சும்மா விட மாட்டார்கள். 1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடியை அழித்த புயல், பாம்பனிலிருந்து போன ரயிலை ஆட்களோடு வாரிக்கொண்டு போனது. அதற்குப் பிறகு எத்தனை படகு திரும்பாமல் போயிருக்கிறது என்று ஒவ்வொரு கடலோர ஊருக்கும் ஒரு கணக்கு உண்டு. புருஷன் டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போயிருக்கும்போது, கரையில் நின்று யாராவது மண்ணை வாரித் தூற்றினால் அது வசவு என்ற கணக்கில் வராது. இந்தப் பக்கத்துப் பேச்சில் வையுறது வேறு, ஏசுறது வேறு, சாபம் விடுறது வேறு. வைதவனோடு நாளைக்கு ஒரே படகில் போகலாம். சாபம் விட்டவள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்க மாட்டார்கள்.

சாபம் பெரும்பாலும் பெண்கள் கையில் இருப்பது தற்செயல் இல்லை என்று எனக்குப் படுகிறது. ஆம்பளைக்குக் கை இருக்கிறது, ஆள் இருக்கிறது, ஊர்க்கூட்டத்தில் இடம் இருக்கிறது. இவை எதுவும் இல்லாதவளுக்கு மண்ணும் வாயும்தான் மிச்சம். அவள் ஆம்பளைகள் சொல்லும் கெட்ட வார்த்தைக்கு இறங்கினால் அங்கேயும் ஒரு சிக்கல். அந்தச் சொற்களில் முக்கால்வாசி பெண் உடம்பைப் பற்றியவை. எதிராளியை அடிக்கத் தன் உடம்பையே கல்லாக எடுத்து எறிய வேண்டும். அதனால்தான் ஏலக்கூடத்தில் ஆணும் பெண்ணும் ஒரே சொல்லைச் சொன்னாலும், அவனைக் கோபக்காரன் என்பார்கள், அவளை வாய் கெட்டவள் என்பார்கள்.

எது லேசு, எது கனம் என்று பார்க்க நான் வைத்திருக்கும் கணக்கு சின்னது. வாங்கியவன் அதே எடையில் திருப்பிக் கொடுக்க முடிகிற வசவு லேசு. முடியாதது கனம். "நாயே" என்றால் "நீதான்டா நாய்" என்று முடிந்தது வழக்கு. எருமைக்கு எருமை, மூதேவிக்கு மூதேவி. கீழக்கரைப் பக்கம் பீடை என்ற பொருளில் "பலா முசீபத்து" என்றால் அதற்கும் உடனே பதில் உண்டு. மிருகமும் கிரகமும் பீடையும் யாருக்கும் சொந்தமில்லை. யார் வேண்டுமானாலும் எடுத்து யார் மேலும் எறியலாம். வள்ளுவரே இந்த ரகத்தில் ஒன்றை எறிந்திருக்கிறார். பயனில்லாமல் பேசிக்கொண்டே இருப்பவனை மகன் என்று சொல்லாதே, "மக்கட் பதடி எனல்" என்கிறார் 196-ஆவது குறளில். பதடி என்றால் பதர். மழை பொய்த்து நெல் பதராய்ப் போவதைப் பார்த்துப் பழகிய இராமநாதபுரத்தில் அந்த வசவு இன்னும் உயிரோடு இருக்கிறது.

அம்மாவைத் தொடும் வசவுக்கு இந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதையும் திருப்பிச் சொல்லலாமே என்று தோன்றும். சொல்லலாம், ஆனால் கணக்குத் தீராது. ஏனென்றால் அடி விழுந்தது அங்கே இல்லாத ஒருத்திக்கு. சண்டைக்கும் அவளுக்கும் சம்பந்தமில்லை. அவள் வந்து பதில் சொல்லவும் முடியாது. எதிராளியின் அம்மாவைத் திருப்பிச் சொல்வதால் இவன் அம்மாவுக்குப் பட்டது துடைபடாது. இதற்கு அடியில் இன்னொன்று இருக்கிறது: சொத்து, சாதி, குலம் எல்லாம் "ஒரு அப்பனுக்குப் பிறந்தவன்" என்ற நம்பிக்கையின் மேல் நிற்கின்றன. அந்த நம்பிக்கையின் காவலை நம் சமூகம் பெண்ணின் உடம்பின் மேல் ஏற்றி வைத்திருக்கிறது. அம்மாவைச் சொல்லித் திட்டுகிறவன் அவளைப் பற்றிப் பேசவே இல்லை. "நீ யாருக்குப் பிறந்தாய் என்று உனக்கே தெரியாது" என்று மகனிடம் சொல்கிறான். அப்பாவை வைதால் பாதிக் கோபம்தான் வருகிறது என்றால் அதனால்தான்.

கடற்கரையில் இது இன்னும் ஒரு சுற்றுக் கூடுதல். ஆண்கள் வீட்டில் இல்லாத கரை இது. படகில் போனவர்கள் மறுநாள் வருவார்கள். தொண்டியிலிருந்தும் கீழக்கரையிலிருந்தும் சபராளியாக, அதாவது வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவர்கள் இரண்டு வருஷம் கழித்து வருவார்கள். கரையில் இருக்கும் பெண்ணின் ஒழுக்கம்தான் கடலில் இருக்கும் ஆணைக் காக்கிறது என்று ஒரு பழைய நம்பிக்கை வேறு. அப்புறம் வீட்டுப் பெண்ணைத் தொட்டு வரும் ஒரு சொல், நெஞ்சுக்குள் ஏற்கெனவே இருக்கும் பயத்தின் மேல் போய் விழாமல் எங்கே விழும்?

இந்த வசவு சுருங்கிய விதமும் வேடிக்கைதான். முழு வாக்கியத்தை யாரும் சொல்வதில்லை. வினைச்சொல் எப்போதோ போய்விட்டது. "ஙொம்மா", "ஙொக்கா" என்று உறவு மட்டும் நிற்கிறது. மீதியைக் கேட்பவன் நிரப்பிக்கொள்வான். அதையும் மழுக்கி "ஙொய்யால" ஆக்கிவிட்டால் டீக்கடை வரை வந்துவிடும். அரிச்சுவடியில் ஙகர வரிசையை ஒப்பிக்க மட்டும் வைத்திருக்கிறோம், அந்த வரிசைக்கு வேலையே இல்லை என்று புலவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. வசவு அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது.

சொல் அதேதான், சொன்னது யார் என்பதில் எடை மாறும். நம் உறவுமுறை இதற்குத் தெளிவாகக் கோடு போட்டிருக்கிறது. மாமன் மச்சான் முறையில் என்ன வேண்டுமானாலும் பேசலாம். பேசாவிட்டால்தான் என்னமோ மனத்தாங்கல் என்று நினைப்பார்கள். பங்காளியிடம் அதில் பாதியைப் பேசினாலும் பகை. பெண் கொடுத்து எடுக்கிற உறவில் கேலிக்கு இடம் வைத்தும், சொத்துப் பிரிக்கிற உறவில் வாயைக் கட்டியும் வைத்திருக்கிறார்கள். இப்படிச் சீண்டுவதற்கு உரிமை உள்ள உறவுகள் உலகில் பல சமூகங்களில் உண்டு என்று மானிடவியலாளர் ராட்கிளிஃப் பிரவுன் 1940-இல் எழுதினார். மோதல் வரக்கூடிய, ஆனால் மோதவே கூடாத இரண்டு பக்கங்களுக்கு நடுவே அந்தச் சீண்டல் ஒரு ஏற்பாடு என்பது அவர் விளக்கம். சாதி, மதம் தாண்டிய சிநேகிதர்களும் இந்தக் கரையில் ஒருவரையொருவர் மாப்ள, மச்சான் என்றுதான் கூப்பிடுகிறார்கள். வைய உரிமை வேண்டும் அல்லவா.

சொன்னது எங்கே என்பது அதைவிடப் பெரிய விஷயம். விசைப்படகில் மடியை, அதாவது மீன் சேர்ந்த வலைப் பையை, தூக்கும் நேரத்தைப் பாருங்கள். இன்ஜின் சத்தம், வின்ச் இழுக்கிறது, கயிறு இறுகி நிற்கிறது, ஒருத்தன் கால் தவறான இடத்தில் இருக்கிறது. டிரைவர் வாயிலிருந்து அவன் அம்மா, அக்கா எல்லோரும் ஒரே மூச்சில் வருவார்கள். அதற்கு அங்கே அர்த்தம் "காலை எடு" என்பதுதான். கால் எடுபட்டவுடன் சொல் தீர்ந்தது. மறுநாள் கரையில், படகுக்காரச் சம்மாட்டியும் வியாபாரியும் நிற்கிற இடத்தில், மீன் கூடையைத் தூக்கச் சுணங்கினான் என்று அதே டிரைவர் அதே சொல்லைப் பாதிச் சத்தத்தில் சொன்னால் அந்தப் பையன் அந்தப் படகில் மறுபடி ஏற மாட்டான். படகில் அவனுக்குப் பட்டது காது மட்டும். கரையில் பட்டது மானம், ஏனென்றால் பார்க்க ஆள் இருந்தது.

தொல்காப்பியருக்கு இது தெரிந்திருந்தது. "அவையல் கிளவி மறைத்தனர் கிளத்தல்" என்கிறார். அவையில் சொல்லக் கூடாததை மறைத்துச் சொல்லு. அந்தச் சொல்லே உலகத்தில் இருக்கக் கூடாது என்று அவர் சொல்லவில்லை. அவைக்கு ஆகாது என்கிறார். அடுத்த நூற்பாவில், பழகிப்போனதை மறைக்க வேண்டாம் என்று விலக்கும் தருகிறார். அதற்கு உரைகாரர்கள் காட்டும் உதாரணத்தில் யானை இலண்டமும் ஆட்டுப் பிழுக்கையும் வருகின்றன. மனிதன் போவதைச் சொல்லக் கூசும் சபை, ஆடு போட்டதைத் தாராளமாகச் சொல்லலாம். அன்றைக்கே எடை பொருளில் இல்லை, கூச்சத்தில் இருந்தது.

இடையில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும்: புறம்போக்கு. இது வசவாகப் பிறந்ததில்லை. வருவாய்த் துறைப் பதிவேட்டில் பிறந்தது. வரி விதிக்கப்படாத, தனியார் பட்டா இல்லாத பொது நிலம். குளம், மேய்ச்சல் நிலம், மந்தை, கடற்கரை எல்லாம் அதில் சேரும். வரி தராத நிலத்தால் சர்க்காருக்கு வரும்படி இல்லை. அந்தப் பார்வை அப்படியே ஊருக்குள் இறங்கி, ஒன்றுக்கும் உதவாதவன் புறம்போக்கு ஆனான். இந்தக் கரையில் வலை காய்வதும் கருவாடு காய்வதும் படகு ஏற்றி வைப்பதும் புறம்போக்கில்தான். பல மீனவர் வீடுகளும் பட்டா இல்லாத இடத்தில்தான் நிற்கின்றன. "போடா புறம்போக்கு" என்பதை இங்கே எல்லோரும் லேசாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். பட்டா கேட்டு அலுவலகத்தில் நின்று, மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஆள் அதே சொல்லை நிலத்துக்குச் சொல்கிறாரா தனக்குச் சொல்கிறாரா என்று விளங்காமல் திரும்பியவனுக்கு அது அவ்வளவு லேசாக இருக்காது.

கேப்மாரி இன்னொரு மாதிரி. குற்றப் பரம்பரை என்று பிரிட்டிஷ் ஆட்சி முத்திரை குத்திய ஒரு கூட்டத்தின் பெயர் அது. 1871-இல் வடக்கே தொடங்கிய அந்தக் குற்றப் பரம்பரைச் சட்டம் 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. இராமநாதபுரம் மாவட்டத்திலும் கைரேகை வைத்துவிட்டு ராத்திரிக்குக் காவல் நிலையத்தில் படுத்த தலைமுறை உண்டு. ரேகைச் சட்டம் என்று அதைச் சொல்வார்கள். அந்தச் சட்டத்தால் அவமானப்பட்டவர்களின் பேரன்களே இன்று அடுத்தவனைக் கேப்மாரி என்று சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். அடிபட வேண்டியவர்கள் கண்ணெதிரே இல்லாததால் சொல் லேசாகத் தெரிகிறது. அவர்களில் ஒருவர் பக்கத்தில் நின்றால் லேசாகத் தெரியாது.

பக்கத்தில் நிற்கிறவர்களைக் குறிக்கும் சாதிப் பெயருக்கு வருவோம். 1957 முதுகுளத்தூர் சாதிக் கலவரத்தின் வடு இன்னும் காயாத மாவட்டம் இது. இங்கே எடை போடும் என் கணக்கு அப்பட்டமாகத் தெரியும். மேலே இருப்பதாக நினைத்துக்கொள்கிறவன் கீழே இருப்பதாகத் தான் நினைப்பவனைப் பார்த்து அவன் சாதிப் பெயரைச் சொன்னால் அதுவே வசவு. இவன் அவன் சாதிப் பெயரைத் திருப்பிச் சொன்னால் அது பட்டம். பெருமையாக வண்டியில் ஒட்டிக்கொண்டு போவான். மேல்நோக்கி எறிய அதே எடையில் ஒரு கல் கிடையாது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒருவனுடைய கோபம் மட்டும் நிற்கவில்லை. கிணறு, சுடுகாடு, டீக்கடைத் தம்ளர் என்று ஊரே நிற்கிறது. வாங்கியவன் மேலும் அது தனியாக விழுவதில்லை. அவன் தெரு முழுக்க விழுகிறது.

சட்டமும் இந்த எடையை ஒத்துக்கொள்கிறது. பொது இடத்தில் ஆபாசமாகத் திட்டினால் பழைய இந்திய தண்டனைச் சட்டம் 294(பி). 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296. தண்டனை அதிகபட்சம் 3 மாதம். தமிழ்நாட்டில் எந்தத் தெருச்சண்டைப் புகாரை எடுத்தாலும் "அசிங்கமான வார்த்தைகளால் திட்டி, கையால் அடித்து, கொலை மிரட்டல் விடுத்து" என்று ஒரே அச்சில் வார்த்த வாசகம் இருக்கும்; பழைய சட்டத்தில் 294(பி), 323, 506 என்று மூன்று எண் அதற்கு. என்ன வார்த்தை என்று மட்டும் இருக்காது. எழுதுகிறவருக்கும் கூச்சம். தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2022-இல் உச்ச நீதிமன்றம், வெறுமனே திட்டியதும் அவமானப்படுத்தியதும் 294(பி) ஆகாது, அந்தச் சொல் காம எண்ணத்தைத் தூண்டக்கூடியதாக இருக்க வேண்டும் என்றது. கோபத்தில் அம்மாவை இழுத்து வைகிறவனைக் கேட்டு யாருக்கும் காமம் வராது. சட்டத்தின் கண்ணில் அது வெறும் கெட்ட வாய்.

பட்டியல் சாதி, பழங்குடியினர் மீதான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989, சாதிப் பெயரால் திட்டுவதற்கு வைத்திருக்கும் தண்டனை 6 மாதம் முதல் 5 வருஷம் வரை. முன்ஜாமீன் கேட்கும் வழியையும் அந்தச் சட்டம் அடைத்து வைத்திருக்கிறது. இங்கே காமம் இருந்ததா என்ற கேள்வியே கிடையாது. திட்டியது பொதுமக்கள் பார்வையில் படும் இடத்திலா என்பதுதான் கேள்வி. நாலு சுவருக்குள், வெளியாள் யாரும் இல்லாதபோது சொன்னது இதில் வராது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தொல்காப்பியரின் அவை, வேறு வேலைக்கு, மறுபடி வந்து நிற்கிறது. நாலு சுவருக்குள் வாங்கியவனுக்கு வலி குறைவா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வேன். ஆனால் சட்டம் அளக்க நினைப்பது அவமானத்தை, அவமானத்துக்குச் சாட்சி வேண்டும்.

ஒரு கெட்ட வார்த்தையும் இல்லாமல் அந்த அவமானத்தைச் செய்ய முடியும் என்பது தமிழின் தனி வசதி. கீழக்கரையில் காக்கா, அதாவது அண்ணன், என்று கூப்பிட வேண்டிய மூத்தவரை மொட்டையாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் போதும், அன்றைக்கு ஜமாத்தில் அதுதான் பேச்சு. மச்சானை "வாடா" என்றால் பாசம், மாமனாரை "வா" என்றால் சம்பந்தமே முறிந்தது. ஆங்கிலத்தில் கெட்ட வார்த்தை தேடி அலைய வேண்டியதை, நாம் ஒரு "ங்க"வை விழுங்கியே முடித்துவிடுகிறோம். உள்ளூர்ப் பக்கம் இன்னும் சில இடங்களில், பண்ணை வீட்டுப் பத்து வயசுப் பையன் அறுபது வயசு ஆளைப் பெயர் சொல்லி "இங்க வாடா" என்கிறான். அவர் "என்ன தம்பி, சொல்லுங்க" என்கிறார். வாக்கியத்தில் சாதிப் பெயர் இல்லை, அம்மா இல்லை, உடம்பு இல்லை. 296-க்கும் வராது. சாதிப் பெயரால் திட்டியதாகவும் புகார் எழுத முடியாது. கேட்டால், "பையன் சும்மா கூப்பிட்டான், இதுல என்ன இருக்கு?" என்பார்கள்.